அலுவலகக் காலண்டர் போனுக்கு வரும் வழி: நடுவில் நிற்கும் ஆப் என்ன செய்கிறது?

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று நம் கடற்கரை ஊர்களில் சின்ன அலுவலகம்கூட இப்போது கம்ப்யூட்டரில்தான் காலண்டர் வைத்திருக்கிறது. கண்டெய்னர் ஏற்றுவது என்றைக்கு, ஆய்வுக்கு அதிகாரி எப்போது வருகிறார், கரண்ட் நிறுத்தம் எந்த நாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து ஓட வேண்டிய ஆளோ மீன் இறங்குதளத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நிற்பார். கையில் போன் மட்டும்தான். கம்ப்யூட்டரில் எழுதியது அந்தப் போனுக்கு வர வேண்டும், போனில் அவர் மாற்றியது கம்ப்யூட்டருக்கும் போக வேண்டும். இதற்குப் பெயர்தான் சிங்க்.

உங்கள் அலுவலகம் கூகுள் காலண்டரையோ மைக்ரோசாஃப்ட் 365-ஐயோ பயன்படுத்தினால் பெரிய வேலை இல்லை. அவர்களுடைய ஆப்பையே போனில் போட்டு, அலுவலகக் கணக்கில் உள்ளே நுழைந்தால் போதும். ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. செலவைக் குறைக்க நெக்ஸ்ட்கிளவுட், ஜிம்ப்ரா, பைக்கால் மாதிரி ஏதாவது ஒரு காலண்டர் மென்பொருளைச் சொந்த சர்வரில் போட்டு ஓட்டுகிற இடங்கள் நிறைய. அந்த சர்வர் பேசும் மொழி ஆண்ட்ராய்டு போனுக்குத் தெரியாது. அங்கேதான் சர்வர்காரரும் செய்யாத, போன் கம்பெனியும் செய்யாத மூன்றாவது ஒருவருடைய ஆப் நமக்குத் தேவைப்படுகிறது.

மூன்று இடங்கள், ஒரு ஓட்டம்

ஏல மண்டியில் முதலாளி ஒரு நோட்டு வைத்திருப்பார், படகுக்காரர் ஒரு நோட்டு வைத்திருப்பார், இரண்டுக்கும் நடுவில் கணக்குப்பிள்ளை ஓடுவார். போன தடவைக்குப் பிறகு இந்த நோட்டில் என்ன மாறியது, அந்த நோட்டில் என்ன மாறியது என்று பார்த்து, மாறிய வரியை மட்டும் மற்றதில் எழுதிவிட்டுப் போவார். சிங்க் ஆப் செய்வது முழுக்க இந்த வேலைதான். சர்வரில் இருப்பது ஒரு நோட்டு, போனுக்குள் இருப்பது இன்னொரு நோட்டு.

போனுக்குள் இருக்கும் நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் குழப்பமே அங்கேதான். ஆண்ட்ராய்டில் காலண்டர் விவரங்களுக்கென்று பொதுவான கிடங்கு ஒன்று உண்டு. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0-இலிருந்து எந்த ஆப்பும் அனுமதி வாங்கிக்கொண்டு அதில் எழுதலாம், படிக்கலாம். நீங்கள் திறந்து பார்க்கிற கூகுள் காலண்டர், சாம்சங் காலண்டர் எல்லாம் அந்தக் கிடங்கில் இருப்பதைக் காட்டும். சிங்க் ஆப் அதில் சரக்கை இறக்கும், ஏற்றும், அவ்வளவுதான். அதற்கென்று மாதக் கட்டம் போட்ட திரை எதுவும் கிடையாது. ஆப்பைப் போட்டவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல காலண்டரையே காணோமே?" என்று கேட்பது இதனால்தான். பார்க்க வேண்டியது போனில் ஏற்கெனவே இருக்கும் காலண்டர் ஆப்பில்.

மாறியது எது என்று ஆப் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு நிகழ்வுக்கும் சர்வரில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். ஒன்று யூஐடி. நிகழ்வு பிறக்கும்போது கிடைக்கும் நீளமான எண், எழுத்துக் கோவை. தலைப்பை மாற்றினாலும், நேரத்தை மாற்றினாலும் அது மாறாது. இன்னொன்று ஈடேக். நிகழ்வில் ஒரு புள்ளி மாறினாலும் இது மாறிவிடும். ஆப் வந்து எல்லா நிகழ்வுகளின் ஈடேக்கையும் கேட்கும், தான் போன முறை குறித்துவைத்ததோடு ஒப்பிடும், வேறாக இருப்பதை மட்டும் இறக்கும். ஐந்நூறு நிகழ்வுகள் இருந்தாலும் மாறியது இரண்டு என்றால் அந்த இரண்டுதான் வரும். பாம்பன் பாலத்தைத் தாண்டியதும் சிக்னல் ஒரு கோடாக இளைத்துப்போகிற இடங்களிலும் சிங்க் ஓடிவிடுவது இப்படித்தான்.

சரி, ஒரே நிகழ்வை நீங்கள் போனில் ஒரு மாதிரியும் அலுவலகத்தில் வேறொருவர் வேறு மாதிரியும் மாற்றிவிட்டால்? படகோடு கடலுக்குள் போனவருக்கு இது கட்டாயம் நடக்கும். நெட் இல்லாமல் அவர் மாற்றியது போனிலேயே காத்திருக்கும், கரைக்கு வந்தபின் இரண்டும் மோதும். பெரும்பாலான ஆப்களில் சர்வர் சொல்வதுதான் செல்லும். போனில் செய்த திருத்தம் சத்தமில்லாமல் போய்விடும். என்னைக் கேட்டால் இதுதான் சரி. ஆனால் முக்கியமான மாற்றத்தைப் போனில் செய்தவர் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை போன் போட்டும் சொல்லிவிடுவது நல்லது.

சர்வர் என்ன மொழி பேசுகிறது?

ஒரு நிகழ்வை எப்படி எழுதுவது என்பதற்கு ஐகேலண்டர் என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. 1998-இல் வெளியானது, 2009-இல் திருத்தப்பட்டது. மின்னஞ்சலில் கூட்ட அழைப்போடு ஒட்டிக்கொண்டு வரும் ஐசிஎஸ் கோப்பு இந்த வடிவத்தில்தான் இருக்கும். அந்த நிகழ்வுகளைச் சர்வரோடு கொடுத்து வாங்குவதற்கான நடைமுறை கால்டேவ், 2007-இல் வந்தது. நெக்ஸ்ட்கிளவுடும் ஜிம்ப்ராவும் ஜோஹோ காலண்டரும் கால்டேவ் பேசும். ஐபோனுக்கு இது கையோடு தெரியும். செட்டிங்ஸில் காலண்டர் கணக்கு சேர்க்கும் இடத்தில் 'மற்றவை' என்று போனால் கால்டேவ் கணக்கு என்று இருக்கும், வேறு ஆப் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் அது இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் டேவ்எக்ஸ்5 போன்ற ஆப்கள். முன்பு டேவ்ட்ராய்டு என்ற பெயரில் இருந்தது இதுதான். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல ஆப். பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்க வேண்டும், எஃப்-ட்ராய்டு என்ற திறமூல ஆப் கடையில் இலவசமாகவே கிடைக்கும்.

மைக்ரோசாஃப்ட்டின் அலுவலக மெயில், காலண்டர் சர்வரான எக்ஸ்சேஞ்ச் கால்டேவ் பேசாது, அதற்கென்று ஆக்டிவ்சிங்க் என்று தனி வழி. உங்கள் சர்வர் கால்டேவாகவும், கம்ப்யூட்டரில் இருப்பது பழைய வகை அவுட்லுக்காகவும் இருந்தால், அவுட்லுக் கால்டேவ் சிங்க்ரனைசர் என்ற இலவச இணைப்பைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். நேர்மாறாக எக்ஸ்சேஞ்சை கால்டேவாக மொழிபெயர்த்துக் காட்ட டேவ்மெயில் இருக்கிறது. ஆரம்பத்தில் இதற்குள் போகாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு. அலுவலகம் தன் காலண்டருக்கு ஒரு ஐசிஎஸ் இணைப்பு கொடுக்கும், அதை கூகுள் காலண்டரில் சந்தாவாகச் சேர்த்துவிடலாம். சுலபம்தான். ஆனால் இது ஒருவழிப் பாதை. பார்க்கலாம், மாற்ற முடியாது. அதோடு கூகுள் அந்த இணைப்பைத் தன் விருப்பத்துக்குத்தான் போய்ப் பார்க்கும், பல மணி நேரம்கூட ஆகலாம். காலை எட்டு மணிக்கு மாற்றிய லோடிங் நேரம் மதியம் கழித்துத் தெரிந்தால் என்ன பிரயோஜனம்? விடுமுறைப் பட்டியலுக்கு இது போதும். அன்றாட வேலைக்கு வேண்டாம்.

நம் ஊர் நாட்கள் இதில் எப்படி உட்காரும்

இப்போது ஒரு நண்டுக் கம்பெனி அலுவலகத்தின் காலண்டரை எடுத்துக்கொள்வோம். ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இதைக் காலண்டரில் போட வருடம் முழுவதும் ஒவ்வொரு நாளாக எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு நிகழ்வு, அதன் கீழே 'வாரந்தோறும், திங்கள் புதன் சனி' என்று ஒரு விதி. போனுக்குப் போவதும் அந்த ஒரு நிகழ்வும் விதியும்தான். போன்தான் அதை விரித்து ஒவ்வொரு நாளிலும் காட்டுகிறது.

பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள், புதன்கிழமை படகு போகாது. அந்தப் புதனைத் தட்டி அழிக்கப் போனால் போன் கேட்கும்: இந்த நிகழ்வு மட்டுமா, இனி வருவதும் சேர்த்தா, எல்லாமுமா? நிதானமாகப் படியுங்கள். 'இது மட்டும்' என்றால் அசல் விதி அப்படியே நிற்கும், 'இந்தத் தேதி நீங்கலாக' என்று ஒரு வரி கூடுதலாகச் சேரும். 'இனி வருவதும்' என்றால் விதி செவ்வாயோடு முடிந்துபோகும். 'எல்லாம்' என்று தட்டினால் முழு வரிசையும் போய்விடும், உங்கள் போனில் மட்டுமல்ல, அடுத்த சிங்க்கில் அலுவலகம் முழுவதற்கும். வரிசை நிகழ்வில் ஒரு நாளை மட்டும் மாற்றும் இடத்தில்தான் மூன்றாம் தரப்பு ஆப்கள் அதிகம் தடுமாறும். புது ஆப்பைச் சோதிக்க நினைத்தால் முதலில் இதையே சோதியுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் இன்னொரு வகை. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். ஆண்டுக்கு ஒருமுறை, தேதி மாறாது, எனவே 'வருடந்தோறும்' என்று போட்டுவிடலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முழுநாள் நிகழ்வில் முடிவுத் தேதி என்று ஐகேலண்டர் எழுதுவது, நிகழ்வு முடிந்த மறுநாளை. ஜூன் 14 வரை தடை என்றால் உள்ளே எழுதியிருப்பது ஜூன் 15. ஒழுங்கான ஆப் இதைப் புரிந்துகொண்டு 14 வரை கோடு போடும். அரைகுறை ஆப் 15-ஐயும் சேர்த்துக் காட்டும், அல்லது 14-ஐ எழுதி அனுப்பி மற்ற இடத்தில் 13-ஆக்கிவிடும். படகு கிளம்பும் நாளில் ஒரு நாள் பிசகினால் ஐஸ் ஆர்டர், வேன், ஆள் எல்லாம் பிசகும். தடைக்காலம் போனில் எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது உத்தமம்.

அமாவாசை மட்டும் இந்த விதிகளுக்குள் அடங்காது. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் அக்னி தீர்த்தத்தில் கூட்டம், பாம்பன் சாலையில் வண்டி நகராது. தீவுக்குள்ளிருந்து லாரி அனுப்புகிறவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் சந்திரனின் மாதம் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். 'மாதந்தோறும்' என்று போட்டால் இரண்டாவது மாதமே தவறும். 29 நாள், 30 நாள் என்று போட்டாலும் கொஞ்ச நாளில் விலகிவிடும். ஏர்வாடி சந்தனக்கூடும் அப்படித்தான், பிறையைப் பார்த்து வருவது. எந்த ஆப் வாங்கினாலும் இதற்கு வழி ஒன்றுதான். வருட ஆரம்பத்தில் அலுவலகத்தில் ஒருவர் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு கையால் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். அரை மணி நேர வேலை. சிங்க் மற்றவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

நேரத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் நண்டுச் சதை வாங்குபவர் நியூயார்க் நேரப்படி காலை 9 மணிக்கு வாராந்திரப் பேச்சு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் இழுத்ததும் நமக்கு இரவு 7.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 6.30. நிகழ்வோடு 'இது நியூயார்க் நேரம்' என்ற குறிப்பு சேர்ந்து வந்தால் போன் தானாக மாற்றிக்கொள்ளும். அதை மண்டபத்திலிருந்து நீங்களே 6.30 என்று பதிந்திருந்தால் குறிப்பு இந்திய நேரமாகிவிடும், குளிர்காலம் முழுவதும் ஒரு மணி நேரம் முன்பே காத்திருப்பீர்கள். அழைப்பை வாங்குபவர் பக்கத்திலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். கீழக்கரையில் பதிந்த காலை 10 மணி துபாயில் இருக்கும் பங்காளியின் போனில் 8.30 என்று தெரிவதும் இதே கணக்குதான். அதில் பிழை இல்லை.

தனுஷ்கோடிப் பக்கம் சில நேரம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் காலண்டர் நேரம் புரண்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 2006-இலிருந்து அங்கும் நம்முடைய அதே ஐந்தரை மணி நேரக் கணக்குதான். ரோமிங் பில்லுக்கு வேண்டுமானால் பயப்படலாம்.

போனில் போடுவது

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: கால்டேவ் சர்வர் முகவரி, பயனர் பெயர், ஆப்புக்கென்று தனிக் கடவுச்சொல். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நெக்ஸ்ட்கிளவுட் போன்றவற்றில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கடவுச்சொல் உருவாக்கலாம். போன் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்தால் போதும், உங்கள் முதன்மைக் கடவுச்சொல் எங்கும் போகாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்கும் இடங்களில் சாதாரணக் கடவுச்சொல் ஆப்பில் வேலையே செய்யாது, இதுதான் செய்யும்.

ஆப்பைத் திறந்து கணக்கு சேர்க்கும்போது முகவரியும் பயனர் பெயரும் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் சர்வரில் உங்களுக்கு உரிமையுள்ள காலண்டர்கள் பட்டியலாக வரும். வேண்டியதை மட்டும் டிக் செய்யுங்கள். காலண்டர் அனுமதி கேட்கும், கொடுங்கள். அப்புறம் போனின் காலண்டர் ஆப்பைத் திறந்து, பக்கவாட்டுப் பட்டியலில் புதிதாக வந்திருக்கும் காலண்டருக்கும் டிக் போட வேண்டும். இந்தக் கடைசி டிக்கை மறந்துவிட்டு "வரவே இல்லை" என்பவர்கள் பாதிப் பேர்.

சிங்க் இடைவெளியை 15 நிமிடம் என்று வைக்கலாம். அதற்குக் குறைவாக அடிக்கடி ஓட ஆண்ட்ராய்டு விடாது. மேலாளர் காலண்டரை நீங்கள் பார்த்தால் மட்டும் போதும் என்றால் டேவ்எக்ஸ்5-இல் 'படிக்க மட்டும்' என்று கட்டாயப்படுத்தும் வசதி இருக்கிறது, போட்டுவிடுங்கள். பைக்குள் இருக்கும் போன் தானாக எதையாவது தட்டி அழித்தாலும் சர்வருக்குப் போகாது.

பதிந்தது சரியா என்று பார்க்க கம்ப்யூட்டரில் ஒரு பொய் நிகழ்வு போட்டு, போனில் கையாலேயே சிங்க் பட்டனைத் தட்டுங்கள். வந்ததும் போனில் அதன் நேரத்தை மாற்றி, கம்ப்யூட்டரில் பாருங்கள். பிறகு போனில் அழித்து, கம்ப்யூட்டரிலும் போய்விட்டதா என்று பாருங்கள். மூன்றும் நடந்தால் இருவழியும் சரி.

வழக்கமாக வரும் தொல்லைகள்

முதல் வாரம் நன்றாக ஓடும், அப்புறம் நின்றுவிடும். பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி சேமிப்பு. பல போன்களில் நாம் அடிக்கடி திறக்காத ஆப்பைப் போனே தூங்கவைத்துவிடும். சிங்க் ஆப்பை யார் தினமும் திறக்கப் போகிறார்கள்? செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு பேட்டரி 'கட்டுப்பாடு இல்லை' என்று வையுங்கள், ஆட்டோஸ்டார்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் இயக்குங்கள். இது செய்தாலே பாதிப் புகார் தீரும்.

அடுத்தது, "ஒரே மீட்டிங் ரெண்டு தடவை அடிக்குது". ஒரே காலண்டர் இரண்டு வழியில் வந்தால் இப்படி ஆகும். ஐசிஎஸ் சந்தாவாக ஒருமுறை, கால்டேவாக ஒருமுறை. அல்லது யாராவது ஐசிஎஸ் கோப்பை இறக்கி கூகுளுக்குள் இறக்குமதியும் செய்திருப்பார்கள். யூஐடி ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு கணக்கில் இருப்பதால் போன் இரண்டாகவே காட்டும். அவசரப்பட்டு நிகழ்வுகளை ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். அழிப்பது சர்வருக்கும் போய்விடலாம். எந்த வழி வேண்டாமோ அந்தக் கணக்கையே போனிலிருந்து நீக்குங்கள். கணக்கை நீக்கினால் போனில் இருக்கும் நகல்தான் போகும், சர்வரில் இருப்பது அப்படியே இருக்கும்.

யாரிடம் சாவி கொடுக்கிறோம்

மூன்றாம் தரப்பு என்றாலே ஆபத்து என்பதில்லை, ஆனால் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் போனிலேயே ஓடி, நேராக உங்கள் சர்வரோடு மட்டும் பேசும் ஆப் ஒன்று. உங்கள் அலுவலகக் காலண்டரைத் தன் சர்வருக்கு இழுத்து, அங்கிருந்து போனுக்குக் கொடுக்கும் சேவை இன்னொன்று. இரண்டாவதில் வாங்குபவர் பெயர், கூட்ட இணைப்பு, லாரி நேரம் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கும். முதல் வகையால் வேலை நடக்கும்போது இரண்டாவதற்குப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. காலண்டர் ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் அப்போதே நீக்கிவிடுங்கள்.

எந்த ஆப்பாக இருந்தாலும் போடுவதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கை ஆக்டிவ்சிங்க் வழியாகச் சேர்க்கும்போது, போனை நிர்வகிக்கும் உரிமை வேண்டும் என்று ஒரு திரை வரும். அதற்கு ஒப்புக்கொண்டால் தூரத்திலிருந்தே போனில் இருப்பதையெல்லாம் அழித்துத் துடைக்கும் அதிகாரமும் அலுவலகத்துக்குப் போகலாம். வேலையை விட்டு விலகும் நாளில் பிள்ளைகளின் போட்டோவும் சேர்ந்து அழிந்துபோன கதைகள் உண்டு. போனில் வேலைக்கென்று தனிப் பகுதி அமைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2014-இலிருந்தே இருக்கிறது, அலுவலகம் அதற்கு ஏற்பாடு செய்தால் துடைத்தாலும் அந்தப் பகுதி மட்டும்தான் போகும். அப்படி ஏற்பாடு இல்லையென்றால், கடைசி வேலை நாளுக்கு முன்பே போட்டோவை வேறு இடத்தில் ஏற்றிவைத்துவிட்டு, அலுவலகக் கணக்கை நீங்களே நீக்கிவிடுங்கள்.